அணிகலப் போட்டிகளும் ஆக்கியோன் பெயரும்

மதுரையிலிருந்து தொண்டிக்குச் செல்லும் பெருவழியில், சிவகங்கைக்குக் கிழக்கே, காளையார்கோவில் என்னும் நம் ஊர் அமைந்துள்ளது. புறநானூறு கானப்பேரெயில் என்று குறிக்கும் பழம்பதி இதுவேயாகும். இங்கே கோயில் கொண்டுள்ள இறைவர் மூவருள் ஒருவர்க்குச் சொர்ணகாளீசுவரர் என்பது திருப்பெயர். இக்கோயிலின் பெரிய கோபுரத்தை மருது சகோதரர் எடுப்பித்த காலத்தில், மானாமதுரையிலிருந்து இவ்வூர் வரையில் மக்கள் வரிசையாக நின்று செங்கற்களைக் கைக்குக் கை மாற்றிக் கொணர்ந்தனர் என்பது செவிவழிச் செய்தி. எடுப்பித்தோர் பெயரை நாடு மறக்கவில்லை, மறத்தலும் ஆகாது. ஆயின், கல்லைக் கைமாற்றிய அத்துணைக் கைகளுள் ஒன்றற்கேனும் உரியவர் பெயர் இன்று நமக்குத் தெரியாது. பொன்னின் பெயர் பூண்ட இறைவன் ஊரிலிருந்து பொற்பணியைப் பற்றி எழுதப் புகுந்த எமக்கு, இக்கோபுரத்தை நோக்குந்தோறும் ஓர் எண்ணம் எழுகின்றது. நம் நாட்டில் நடைபெறும் அணிகல வடிவப் போட்டிகள் பலவற்றிலும் இக்குறையே குடிகொண்டிருக்கின்றது என்பதே அது.

போட்டிகள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதை முதற்கண் நோக்குவோம். 1954ஆம் ஆண்டில் டி பீர்ஸ் என்னும் வைர வணிக நிலையத்தார் அனைத்துலக வைர அணிப் பரிசுகளைத் தொடங்கினர். நம் நாட்டில், 1966ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இரத்தின ஆபரண ஏற்றுமதி வளர்ச்சிக் குழுவினர் 'ஆர்ட்டிசன்' என்னும் பெயரால் இத்தகைய போட்டியை நடத்தி வந்துள்ளனர். இவை போன்ற வணிகத் துறைப் போட்டிகளுள் பெரும்பாலானவற்றில், கலந்துகொள்வோர் தம் மனத்தில் எழுந்த வடிவத்தைத் தாளில் வண்ணத்தால் தீட்டியேனும் கணிப்பொறியில் வரைந்தேனும் அனுப்புவர். நடுவர் வரைபடங்களை ஆராய்ந்து சிலவற்றைத் தேர்வர். தேர்ந்தெடுத்தவை பட்டறைகளில் பொன்னாகவும் மணியாகவும் உருப்பெறும். பின்னர் விழாவும் விருந்தும் நிகழும். மேடையில் வடிவம் வரைந்தவர் பெயரும், பொருளுதவிய வணிகர் பெயரும் முழங்கும். அணியைச் செய்து முடித்த பத்தர் பெயரோ எங்கும் ஒலிப்பதில்லை.

மேனாட்டில் வேறொரு வகைப் போட்டி உண்டு. ஜெர்மனி நாட்டு மியூனிக் நகரில் 1959ஆம் ஆண்டு முதல் 'ஷ்முக்' என்னும் அணிகலக் கண்காட்சி நடைபெற்று வருகின்றது. அதனைத் தோற்றுவித்த ஹெர்பர்ட் ஹாஃப்மன் பெயரால் 1973ஆம் ஆண்டு முதல் பரிசும் வழங்கப்படுகின்றது. அங்கே பொன்னின் எடைக்கு மதிப்பில்லை. இரப்பர், காகிதம், மரம் ஆகியவற்றாலும் அணி செய்வர். ஓட்டோ குன்சுலி என்பவர் 1980ஆம் ஆண்டில் ஒரு கறுப்பு இரப்பர் வளையை இயற்றி, அதனுள் ஒரு பொற்குண்டை வெளியே தோன்றாதபடி மறைத்து வைத்தார். பொன் கண்ணைக் குருடாக்கும் என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் இட்டார். இவற்றை அணிகலம் எனக் கொள்ள நம்மவர் தயங்கலாம். எனினும் ஒன்று கருதத்தக்கது: அத்தகைய கலைஞர் பலர் தாம் நினைத்ததைத் தம் கையாலேயே செய்கின்றனர். அங்கே நினைத்த நெஞ்சும் செய்த கையும் ஒருவருடையனவே. ஆதலின் பெயரைப் பற்றிய வழக்கு எழுதற்கு இடமில்லை. நம் நாட்டிலோ நெஞ்சு ஒருவருடையது, கை மற்றொருவருடையது. புகழ் மட்டும் பிளவுபடாமல் ஒரு பக்கமே சேர்கின்றது.

"வடிவம் கண்டவரே ஆசிரியர், செய்தவர் அவர் கைக் கருவியே அன்றோ?" எனச் சிலர் வினவலாம். இவ்வாறு வினவுவோர் ஒரு நாளேனும் பொற்பட்டறையில் அமர்ந்து பார்த்தவராகார் என்றே யாம் எண்ணுகின்றோம். தாளிலே ஒரு கொடி வளைந்து நிற்கும். அதன் நுனியில் ஒரு மொட்டுத் தொங்கும். அக்கொடிக்கு எத்துணைப் பருமனுள்ள கம்பி வேண்டும், அதனை அச்சில் எத்தனை முறை இழுத்து மெலிவிக்க வேண்டும் என்பவை தாளில் இரா. பல இடங்களில் பற்று வைக்க வேண்டிய அணியாயின், முதற்பற்றுக்கு உருக அரிதான பொடியையும், அடுத்தடுத்தவற்றுக்கு எளிதில் உருகும் பொடியையும் இட வேண்டும். இன்றேல் பின்னைய பற்றை ஊதும்பொழுது முன்னையது விட்டுப்போகும். வெண்காரம் இட்டு, ஊதுகுழலால் தீயை ஒரு புள்ளியில் நிறுத்தி, பொடி உருகி ஓடும் அந்தக் கணத்தில் மூச்சை அடக்குதல் ஏட்டுக் கல்வியால் வருவதன்று. "பொடிவைத்துப் பேசுகிறான்" என்று நாம் வழங்கும் மொழி இத்தொழிலினின்றும் பிறந்ததே. அன்றியும், இவ்வளைவு நில்லாது, இக்கல் உதிரும், இக்கொக்கி துணியைக் கிழிக்கும் என்று கண்டு வரைபடத்தைத் திருத்துகின்றவரும் பத்தரே. பரிசு பெற்ற அணியில் அத்திருத்தமும் அடங்கியிருக்கின்றது. அதற்கு உரியவர் யார்?

செட்டிநாட்டில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நகரத்தார் திருமணங்களில் திருப்பூட்டுங்கால் மணமகள் கழுத்தில் ஏறும் கழுத்துருவை அறியாதவர் யார்? திருமாங்கல்யம், ஏத்தனம், உரு முதலிய பல உறுப்புகளைத் தனித்தனியே செய்து, நூலிலே கோத்து அமைக்கும் அவ்வணி, மணநாளிலும் அறுபதாம் ஆண்டு நிறைவு விழாவிலும் பூணப்பெறுவது. அதன் வடிவத்தைத் தாளில் வரைந்தவர் ஒருவரல்லர். தலைமுறை தலைமுறையாகப் பத்தர்களின் கைகளே அதனை வளர்த்தன. எடை குறைந்த காலத்தும் சாயல் குறையாதபடி காத்தவையும் அக்கைகளே. அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரத்தின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த தமிழ்நாட்டுத் திருமணக் கழுத்தணி ஒன்று, கறுப்புக் கயிற்றில் கோத்த நிலையில் வைக்கப்பட்டுள்ளது. கடல் கடந்தும் உலகம் வியக்கும் அப்பொற்பணியை இயற்றியவர் இன்னார் என்று சொல்லுவார் இல்லை. அக்கழுத்துரு இன்று ஒரு போட்டிக்கு வருமாயின், அதற்குப் பரிசு தர நடுவர் விரும்பினும், யார் பெயரை எழுதித் தருவர்?

நம் இலக்கியமும் சட்டமும் பொற்கொல்லரிடத்து எஞ்ஞான்றும் பரிவு காட்டின அல்ல. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி பூண்ட அணிகள் கால் முதல் தலை வரையில் ஒவ்வொன்றாக விரித்துரைக்கப்படுகின்றன. அவற்றைச் செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காப்பியத்தில் நம் கண்முன் வந்து நிற்கும் பொற்கொல்லனோ சிலம்பு திருடியவன். அவன் ஒருவன் செய்த பிழைக்காகக் கொற்கையில் பொற்கொல்லர் ஆயிரவர் பலியிடப்பட்டனர் என்று அந்நூலின் உரைபெறு கட்டுரை கூறுகின்றது. பழியென்றால் ஆயிரம் பேரும் பங்கு கொள்ள வேண்டும். புகழென்றால் ஒருவர்க்கும் பங்கு இல்லை! அண்மைக் காலத்திலும், 1963ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த பொற்கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட மாற்றில் புதிய அணி செய்தலைத் தடுத்தபொழுது, கைத்தொழில் ஒன்றையே நம்பியிருந்த எத்தனையோ பட்டறைகளில் உலை அவிந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைத்த அக்கட்டுப்பாடு 1990இல்தான் நீங்கியது. இந்நாளில் வார்ப்புப் பொறியும் சங்கிலிப் பொறியும் பெரும்பகுதி வேலையைக் கவர்ந்துகொண்டன. தந்தையின் ஊதுகுழலை மகன் ஏந்த மறுப்பதில் வியப்பென்ன? கூலியும் குறைவு, பெயரும் இல்லை எனின், எதனைக் காட்டி அவனை அழைப்பது?

செய்தவர் பெயரைப் போற்றுதல் புதுவது புனைந்த கொள்கையன்று. வேதாகமத்தை நோக்குக. ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரி மோசேக்கு மலையின்மேல் காட்டப்பெற்றது. ஆயின் அம்மாதிரியோடு காரியம் முடிந்துவிடவில்லை. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினங்களை வெட்டிப் பதிக்கவும், யூதா கோத்திரத்து ஊரியின் குமாரனாகிய பெசலெயேலைக் கர்த்தர் பெயர் சொல்லி அழைத்தார் என்றும், தாண் கோத்திரத்து அகோலியாபை அவனுக்குத் துணையாக்கினார் என்றும் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்திற் காண்கின்றோம். மாதிரி காட்டியவர் கடவுளாயிருந்தும், செய்த கைக்கு உரியவன் பெயர் மறைக்கப்படவில்லை. நம் தமிழ்நாட்டிலும், தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்த இராசராசன், வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரை அக்கோயிற் கல்லிலே வெட்டுவித்தான். தன் பெயரையே பட்டமாகவும் தந்தான். அதனால் மன்னன் புகழ் குறைந்ததுண்டோ?

இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டிலேயே பொற்கொல்லர் ஒவ்வொருவரும் தத்தம் முத்திரையை வைத்துக்கொள்ள வேண்டுமெனச் சட்டம் செய்தனர். அந்நாட்டுப் பொற்பணி மன்றம் ஒன்று 1908ஆம் ஆண்டு முதல் போட்டிகள் நடத்தி, வடிவம் வரைதலுக்கு ஒரு பரிசும், செதுக்குதல், கல் பதித்தல் முதலிய கைவினைகளுக்கு வேறு பரிசுகளுமாக வழங்கி வருகின்றது. நம் இந்திய அரசாங்கமும் 1965ஆம் ஆண்டு முதல் கைவினைஞர்க்குத் தேசிய விருதும், 2002ஆம் ஆண்டு முதல் சில்ப குரு விருதும் அளிக்கின்றது. இவை செய்தவரையே மேடைக்கு அழைக்கின்றன. நாகர்கோவிலையடுத்த வடசேரியில் பரதநாட்டியத்துக்கு உரிய கோயிலணிகள் செய்யும் தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் புவிசார் குறியீடு ஊருக்குப் பெயர் தரும், ஆளுக்குத் தராது. வணிகப் போட்டிகளோ இரண்டும் தாரா.

இன்னொரு முரணும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் பொன்னணிகளுக்கு அரசாங்கத் தர முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், ஆறு குறிகளைக் கொண்ட தனியடையாளம் பொறிக்காத நகையை வணிகர் விற்றல் கூடாது. அவ்வடையாளத்தைக் கொண்டு பொன்னின் மாற்று எத்துணை, முத்திரைக்குக் கொடுத்த வணிகர் யார், சோதித்த நிலையம் எது என்று வாங்குவோர் அறிந்துகொள்ளலாம். செய்தவர் யார் என்பது மட்டும் அதில் இல்லை. விலைச்சீட்டிலே செய்கூலி என்று ஓர் இனம் உண்டு. அக்கூலிக்கு உரிய கை யாருடையது என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை.

"ஓர் அணியில் உருக்குவோர், கம்பி இழுப்போர், கல் பதிப்போர், மெருகிடுவோர் எனப் பலர் கை படுகின்றது, யார் பெயரை எழுதுவது?" என்பது மற்றொரு தடை. பேசும்படத்தின் தொடக்கத்தில் ஒளி அமைத்தோர் பெயரும் உடை தைத்தோர் பெயரும் திரையில் ஓடவில்லையா? நூல் எழுதிய ஆசிரியர் பெயரோடு அச்சிட்டோர் பெயரும் நூலிற் காணப்பட வேண்டுமென்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததே! அச்சகத்தார் பெயர் பொறித்தமையால் எந்தப் புலவரும் சிறுமையுற்றதாக யாம் கேட்டிலோம். உண்மையான தடை வேறு என்பது எம் எண்ணம். பத்தர் பெயர் வெளிப்படின், வாங்குவோர் நேரே அவர் பட்டறைக்குச் சென்றுவிடுவர் என்னும் அச்சம் வணிகர்க்கு உண்டு. அவ்வச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயின் ஒருவர் பெயரை மறைத்துத்தான் மற்றொருவர் வாணிகம் நிலைபெற வேண்டும் என்பது நேர்மையாகாது.

இவ்விடத்து ஒன்று தெளிவாகுக. வடிவம் வரைவோரின் பெருமையை யாம் மறுக்கவில்லை. புதிய வடிவம் காணும் கண் இல்லையேல் கை பழைய தடத்திலேயே சுழன்று கொண்டிருக்கும். பொற்றொழிலையே அறியாத குடும்பங்களிலிருந்து, சிறப்பாகப் பெண்மக்களிடமிருந்து, புதிய வடிவங்கள் தோன்றுதற்கு இப்போட்டிகளே வாயில் திறந்தன. அவ்வாயில் அடைபடுதல் வேண்டா. அதன் வழியே செய்தவரும் உடன் நுழைதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள்.

ஆதலின் போட்டி நடத்துவோர்க்கு மூன்று கூறுவோம். முதலாவது, இறுதிச் சுற்றுக்கு வரும் ஒவ்வோர் அணியின் பக்கத்திலும் வரைந்தவர் பெயரோடு செய்தவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதி வைக்க. இரண்டாவது, பரிசுத் தொகையில் ஒரு பங்கு செய்தவரைச் சேருமாறு விதியிலேயே வகுக்க. மூன்றாவது, புதுமைக்கு மட்டுமன்றி, கழுத்துரு போன்ற பழைய வடிவத்தைப் பழுதின்றிச் செய்து முடிக்கும் திறத்துக்கும் தனிப் பரிசு அமைக்க. இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குச் செல்லுங்கால், உங்கள் பாட்டியார் பெட்டியிலுள்ள அணி ஏதேனும் ஒன்றைச் சுட்டி, "இதனைச் செய்தவர் யார்?" என்று கேளுங்கள். முதியோர் நினைவில் அப்பெயர் இன்னும் இருத்தல் கூடும். ஊர்ப் பெயரும், பட்டறை இருந்த தெருவும் கூட இருத்தல் கூடும். கேட்டதை ஒரு தாளில் எழுதி, அவ்வணியோடு வைத்துவிடுங்கள். புதிதாக நகை செய்விக்கும் வீடுகளில் செய்தவர் பெயரைக் கேட்டு, விலைச்சீட்டின் பின்புறத்திலேனும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வாங்குவோர் கேட்கத் தொடங்கின் விற்போர் சொல்லத் தொடங்குவர். விற்போர் சொல்லத் தொடங்கின் போட்டி நடத்துவோரும் நெடுநாள் வாளாவிருத்தல் இயலாது. கோபுரத்துக்குச் செங்கல் கைமாற்றியவர் பெயர்களை நாம் இனி மீட்க முடியாது. நம் காலத்துப் பத்தர்கள் பெயர்களையேனும் இழவாமல் காத்தல் நம் கடன்.