ஆகாய மார்க்கமாக மருந்து தெளித்தலும் அதன் விபத்துக்களும்

பயிர்களைப் பீடிக்கும் பூச்சிகளை ஆகாய மார்க்கமாக அழிக்கும் முறை புதியதன்று. 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3ந் தேதி, அமெரிக்காவில் ஓஹாயோ மாகாணத்தைச் சேர்ந்த டிராய் நகரின் அருகே, மரத்தோப்பு ஒன்றின்மீது விமானத்திலிருந்து மருந்துத்தூள் தூவப்பட்டது. பிற்காலத்தில் ஹெலிகாப்டரும் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டது. இன்று டிரோன் எனப்படும் ஆளில்லா விமானம் சிறு குடியானவரின் வரப்புக்கே வந்துவிட்டது. ஆகவே, ஹெலிகாப்டர் புகட்டிய பாடங்களைத் திருவண்ணாமலை ஜில்லா விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மருந்து தெளிக்கும் ஹெலிகாப்டர் பயிரின் தலைக்குச் சற்றே மேலாகப் பறக்கிறது. வயலின் எல்லையை அடைந்ததும் பாரத்துடன் மேலெழும்பித் திரும்ப வேண்டும். சூரியனுக்கு எதிரே மின்சாரக் கம்பி கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவ்வளவு தாழ்வில் யந்திரம் நின்றுபோனால், இறங்குவதற்கு இடம் தேட விமானிக்கு அவகாசமிராது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2013ஆம் ஆண்டில் நிகழ்ந்த 78 விவசாய விமான விபத்துக்களைப் பரிசீலித்து 1914க்குப் பின் நூறாண்டு கழிந்த 2014ல் அறிக்கை வெளியிட்டது. விமானியின் களைப்பும், யந்திரப் பராமரிப்பிலுள்ள குறைகளும் அதில் சுட்டிக்காட்டப்பட்டன.

விமானம் வீழ்வதை எல்லோரும் காண்பர். மருந்து வேறிடத்தில் வீழ்வதை ஒருவரும் காண்பதில்லை. இவ்விரண்டில் பின்னதே கொடிய விபத்து என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு ஜில்லா சாட்சியாகும். அங்கே அரசாங்கத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புக்களில், தேயிலைக் கொசுவை ஒழிப்பதற்காக 1970களின் பிற்பகுதி தொடங்கி 2000ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் என்னும் மருந்து ஹெலிகாப்டர் மூலம் தெளிக்கப்பட்டது. அது மேடும் பள்ளமுமான பூமி. தோப்புக்களை அடுத்தே வீடுகளும் திறந்த கிணறுகளும் இருந்தன. விவசாய இலாகா ஊழியரான லீலாகுமாரி அம்மா என்பவரே இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 2011ல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தேசமெங்கும் தடை செய்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017ல் உத்தரவிட்டது. ஒவ்வொரு நோய்க்கும் அம்மருந்துதான் காரணமா என்ற வாதம் இன்னும் இருக்கலாம். ஆனால் குடியிருப்புக்களின் நடுவே வானிலிருந்து நஞ்சு தெளித்தது தகாத காரியம் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

டிரோனில் ஆள் ஏறுவதில்லையாதலால் முதல் வகை விபத்தின் கொடுமை குறைகிறது. இரண்டாவது வகை அவ்வாறு குறைவதில்லை. கைத்தெளிப்பானில் ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் கலவை செலவாகும். டிரோனில் சுமார் 10 லிட்டரே போதும். மருந்தின் அளவு ஒன்றேயானால், டிரோன் சிந்தும் ஒவ்வொரு துளியும் இருபது மடங்கு வீரியமுள்ளதாகும். அத்துளி காற்றில் அடித்துச் செல்லப்பட்டால் அயலாரின் கீரைப்பாத்தியிலோ கிணற்றிலோ போய் விழும்.

ரமணாசிரமம் பகுதியை எடுத்துக்கொள்வோருக்கு இது எளிதில் விளங்கும். செங்கம் சாலையின் ஓரத்தில் ஆசிரமமும், அதன் கோசாலையும், மயில்களும் உள்ளன. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கின்றனர். அப்பால் நெல்லும் மணிலாவும் பயிராகும் நிலங்கள் சிறு துண்டுகளாகக் கிடக்கின்றன. இத்தகைய இடத்தில் ஒருவர் வயலுக்கு அடிக்கும் மருந்து அவர் வயலோடு நிற்குமென்று எதிர்பார்க்கலாகாது.

கூலியாள் கிடைப்பது அரிது என்பதும், முதுகில் தெளிப்பானைச் சுமப்பவர் நஞ்சை நேரே சுவாசிக்கிறார் என்பதும் உண்மையே. ஆகையால் டிரோனை அடியோடு விலக்குவது அறிவுடைமையாகாது. அதற்குரிய இடத்தை வரையறுப்பதே வேண்டுவது. ஆகாயத் தெளிப்பைக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகப் பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டுமென்று 1971ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லி விதிகள் கூறுகின்றன. இதைக் காகிதத்தோடு நிறுத்தாமல் ஒவ்வொரு கிராமத்திலும் அனுஷ்டிக்க வேண்டும். டிரோன் ஓட்டுபவர் முதலில் வயலைக் கால்நடையாகச் சுற்றி மின்கம்பிகளையும் மரங்களையும் குறித்துக்கொள்ளுதல் நலம். காற்றடங்கிய காலை வேளையில் தெளித்து, காற்றெழுந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். கிணறுகளை மூடி, கால்நடைகளை அப்புறப்படுத்த வேண்டும். கிரிவலப் பாதை, ஆசிரமம், பள்ளிக்கூடம், ஏரிக்கரை ஆகியவற்றை அடுத்த நிலங்களில் கைத்தெளிப்பானே போதுமானது.

வாடகைக்கு வந்த யந்திரம் மாலையில் ஊரைவிட்டுப் போய்விடும். அன்று சிந்திய மருந்து விழுந்த கிணற்றில் மறுநாள் காலை நீர் இறைப்பவர் அவ்வூர்க் குடியானவரே. ஆதலால் எங்கே தெளிக்கலாம், எங்கே கூடாது என்பதை யந்திரத்துக்கு உடையவரிடம் விட்டுவிடாமல், கிராமத்தாரே கூடி முன்கூட்டி முடிவு செய்துகொள்வது உசிதமாகும்.