மாதொருபாகர் மனத்தோற்றமோ?

நாமக்கல் சமவெளியினின்று செம்மை பெற எழுந்து தோன்றும் திருச்செங்கோட்டு மலைமீது, வலப்பால் ஆணும் இடப்பால் பெண்ணுமாகிய திருமேனியோடு எழுந்தருளியிருப்பவர் மாதொருபாகர். கொடிமாடச் செங்குன்றூர் எனத் திருஞானசம்பந்தப் பெருமான் பாடியருளிய தலம் இதுவே. இத்திருமேனியைக் குறித்து இக்காலத்துக் கற்றார் சிலர் புதியதொரு கொள்கை கூறுவாராயினர். மாதொருபாகர் என ஒரு பொருள் மனத்திற்குப் புறத்தே இல்லை. மக்கள் யாவர்க்கும் பொதுவாகிய ஆழ்மனத்தில் தொன்றுதொட்டு உறையும் ஆண்பெண் இணைவு என்னும் தொல்படிமமே கல்லில் வடிவுற்றது. மலைவழியிற் பாறையிற் செதுக்கப்பட்ட பெரும்பாம்பும் அவ்வாழ்மனத்தின் குறியே என்பது அவர் கூற்று. மேனாட்டு மனநூலைத் துணையாகக் காட்டுதலின் இது கேட்பாரை மயக்கவல்லது. ஆதலின் இதனை ஆராய்தல் கடனாம்.

கனவுகளை ஆராய்ந்து, 1900 எனப் பொறித்து வெளிவந்த நூலால் நனவிலி மனம் என்னும் கருத்தைப் பரப்பியவர் வியன்னா நகரத்து மருத்துவர் பிராய்டு. அவரோடு சில்லாண்டு கூடியிருந்து பின் பிரிந்த சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் யுங் (1875-1961), தனிமனிதன் மறந்தவற்றிற்கும் கீழே மனிதர் யாவர்க்கும் பொதுவாயதோர் அடுக்கு உண்டென்றும், ஆணின் உள்ளத்திற் பெண்படிமமும் பெண்ணின் உள்ளத்தில் ஆண்படிமமும் உள்ளன என்றும் கூறினார். மனநோயால் வருந்துவார்க்கு இவ்வாராய்ச்சிகள் உதவுமேல் சைவர் அதனை இகழார். அன்றியும், மனத்தில் தோன்றும் கடவுட்படிமத்தையே தாம் ஆராய்வதாகவும், கடவுளின் உண்மையைத் துணிதல் தம் ஆராய்ச்சிக்குப் புறம்பெனவும் யுங்கே பலகாலும் கூறியுள்ளார். ஆசிரியர் நின்ற எல்லையை மாணாக்கர் கடந்ததே ஈண்டுக் குற்றமாயிற்று.

இனி, அவ்வாழ்மனத்தின் இயல்பு யாது? மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியம், ஆகலின் சடம். ஆன்மா அவற்றுள் ஒன்றன்று. அமைச்சரோடு கூடிய அரசன்போல அவற்றோடு கூடி நிற்பது. இயல்பாய் உள்ள மலத்தால் தானே உணரமாட்டாது ஐந்து அவத்தைகளில் நிற்பது. இதனை 13-ஆம் நூற்றாண்டிலேயே மெய்கண்டார் சிவஞானபோதத்து நான்காம் நூற்பாவால் நிறுவினார். நனவில் தொழிற்படும் கருவிகள் 35. கனவில் அறிகருவி ஐந்தும் செயற்கருவி ஐந்தும் ஒழிய நிற்பன 25. உறக்கத்தில் சித்தம், பிராணன், புருடன் என 3. துரியத்தில் பிராணனும் புருடனும் என 2. துரியாதீதத்தில் புருடன் ஒன்றே.

இதனால் விளங்குவது யாது? கீழே செல்லச் செல்லக் கருவி குறையும், கருவி குறைய அறிவும் குறையும், இருளே மிகும். படிமம் காண்டற்கு மனம் வேண்டும். அதன் தொழிலோ கனவின் எல்லையோடு ஒழியும். அதற்கும் கீழே உள்ளது ஆணவ இருள். அவ்விருளே இறைவன் திருவுருவை ஈன்றது என்றல், இருள் விளக்கை ஈன்றது என்பதனோடு ஒக்கும். அற்றன்று, படிமத்தை வார்க்கும் அச்சே ஆழத்தில் உள்ளது என்பாராயின், அவ்வச்சும் சடமே. சடம் தானே இயங்காது. இயக்குவான் ஒருவன் வேண்டும். அவனைக் கொள்ளவே, தாம் மறுத்த பொருளைத் தாமே உடன்பட்டவராவர்.

ஆணும் பெண்ணும் ஓருருவாகிய வடிவம் பழைய கிரேக்கரிடத்தும், ஐரோப்பிய இரசவாதிகள் எழுதிய சித்திரங்களிலும் காணப்படுதலின், அது மனிதமனத்தின் பொதுப்படைப்பே என்பர். உலகத்து மக்கள் யாவர்க்கும் கண் உண்டு. எல்லாக் கண்ணும் ஒளியை நாடும். அதுகொண்டு ஒளியைக் கண்ணே படைத்தது என்பார் உளரோ? புறப்பொருள் யாவும் அறிவின் தோற்றமே என்ற யோகாசாரரை அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் முன்னரே மறுத்துப் போந்தார். அப்பழங்கூற்றே இன்று புத்தாடை உடுத்து வந்துளது.

அன்றியும், இடப்பாகத்து அம்மை ஆணொருவன் உள்ளத்துப் பெண்மை அல்லள். ஞாயிறும் அதன் ஒளியும் போலச் சிவமும் சத்தியும் பிரிவின்றி நிற்கும் ஒருபொருளே. ஆண், பெண் என்னும் பகுப்பு மாயையினாகிய உடம்பைப் பற்றியது. மாயைக்கு மேற்பட்ட முதல்வனைப் பற்றியதன்று. உயிர்கள் கண்டு வழிபட்டு உய்தற்பொருட்டு அவன் அருளால் மேற்கொண்ட வடிவே அது.

இவ்வழக்கில் தோற்பின் இழப்பது சிறிதன்று. இறைவன் மனத்தோற்றமே எனின், வைகாசி விசாகத் தேர்விழாவிற்கு மலையேறும் உழவரும் நெசவாளரும் தம் மனத்தையே தாம் வணங்கி மீள்வாராவர். மலத்தாற் கட்டுண்ட உயிர், அக்கட்டிற்குட்பட்ட மனத்தைக்கொண்டே அதனை அவிழ்த்தல் யாங்ஙனம்? அவிழ்ப்பவன் கட்டிலாதவனாதல் வேண்டும். சம்பந்தப் பெருமான் இத்தலத்து எழுந்தருளியிருந்த நாளில் உடனிருந்த அடியவரைக் குளிர்சுரம் பற்ற, அவர் திருநீலகண்டப் பதிகம் பாடி நீக்கினார் எனச் சேக்கிழார் கூறுவர். அன்று அப்பெருமான் தம் உள்ளத்துப் படிமத்தை ஆராய்ந்தாரல்லர்; நஞ்சுண்டு காத்த முதல்வனையே அழைத்தார். அம்முதல்வன் இன்றும் அம்மலைமீது எழுந்தருளியிருக்கின்றான். அன்பர்கள் மயங்காது சென்று வழிபட்டு உய்வாராக.

திருச்சிற்றம்பலம்.