ஐபோன் ஏர்: 5.6 மி.மீ. ஒல்லிக்காக ஒரு லட்சத்து இருபதாயிரமா?

செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்குத் தூங்காமல் ஆப்பிள் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே மூச்சில் நான்கு ஐபோன்கள் அறிமுகமாகின. அதில் மூன்றைப் பற்றி ரசிகர்கள் பெரிதாக அடித்துக்கொள்ளவில்லை. ஐபோன் 17-க்கு, ‘பரவாயில்லையே, கொடுக்குற காசுக்கு நல்லாவே பண்ணியிருக்காங்க’ என்று பாராட்டு. 17 ப்ரோ, ப்ரோ மேக்ஸ் இரண்டுக்கும், ‘அந்த ஆரஞ்சு கலர் கொஞ்சம் ஓவர்’ என்று கிண்டல். அத்தோடு முடிந்தது. ஆனால் மிச்சமிருந்த ஐபோன் ஏர்? ‘இதுதான்டா போன்’ என்று ஒரு கூட்டம். ‘இதை எவன் வாங்குவான்’ என்று இன்னொரு கூட்டம். அறிமுகமாகி சில நாள் ஆகியும் சண்டை ஓயவில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு எண். 5.6 மில்லிமீட்டர். ஆப்பிள் இதுவரை செய்த ஐபோன்களிலேயே ஒல்லியானது இதுதான். எடை 165 கிராம். 6.5 இன்ச் திரை, 120 ஹெர்ட்ஸ், டைட்டானியம் சட்டகம், ப்ரோ மாடல்களில் இருக்கும் அதே ஏ19 ப்ரோ சிப். (கிராபிக்ஸ் கோர் மட்டும் ஒன்று குறைவு.) இந்திய விலை ரூ.1,19,900-இல் தொடங்குகிறது. 24 மாத வட்டியில்லா தவணை கிடைத்தால்கூட மாதம் கிட்டத்தட்ட 5,000 ரூபாய். வேலைக்குச் சேர்ந்து இரண்டு, மூன்று வருடம் ஆன ஒருவருக்கு இது சின்னத் தொகை இல்லை.

முதலில், ரசிகர்கள் தரப்பில் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். இந்த போனின் பொறியியல் நிஜமாகவே அசத்தல். பின்பக்கம் மேலே ஒரு மேடு தெரிகிறதல்லவா? அதில் இருப்பது கேமரா மட்டும் இல்லை. ஸ்பீக்கர், சிப் உட்பட போனின் மூளை மொத்தமும் அந்த மேட்டுக்குள் போய்விட்டது. கீழே மிச்சமிருக்கும் இடம் பெரும்பாலும் பேட்டரிக்கு. சார்ஜர் செருகும் யு.எஸ்.பி.-சி வாயை வழக்கமான முறையில் செய்தால் இந்தத் தடிமனுக்குள் அடங்காது என்பதால், அதை டைட்டானியத்தில் 3டி பிரிண்ட் செய்திருக்கிறார்கள். அந்த மேட்டைச் சேர்க்காமல் அளந்தால்தான் 5.6 என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேடு இருக்கும் இடத்தில் வைத்து அளந்தால் கணக்கு வேறு.

சரி, ‘உலகத்துலேயே ஒல்லி’ என்ற பேச்சுக்கு வருவோம். பத்து வருடத்துக்கு முன்னால் போன் வாங்கியவர்களுக்கு இதில் சிரிப்புதான் வரும். 2014-இல் வந்த விவோ எக்ஸ்5 மேக்ஸின் தடிமன் 4.75 மி.மீ.தான். அதில் ஹெட்போன் ஜாக்கும் இருந்தது! அதே வருடம் ஓப்போ ஆர்5, 4.85 மி.மீ. 2015-இல் நம்ம மைக்ரோமேக்ஸே கேன்வாஸ் ஸ்லிவர் 5 என்று 5.1 மி.மீ.யில், 100 கிராமைத் தொடாத ஒரு போனைப் போட்டது. இவை எல்லாம் எங்கே போயின? சின்ன பேட்டரி, சூடு, ‘இது வளைஞ்சிடுமோ’ என்ற பயம் எல்லாம் சேர்ந்து அந்தப் போட்டியே அடங்கிப்போனது. ஐபோன் 6 ப்ளஸ் பேன்ட் பாக்கெட்டில் வளைகிறது என்று 2014-இல் எழுந்த களேபரத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் தடிமன் 7.1 மி.மீ. அதைவிட ஒன்றரை மி.மீ. ஒல்லியான ஏர், முந்தைய எந்த ஐபோனையும்விட உறுதியானது என்று ஆப்பிள் சொல்கிறது. டைட்டானியத்தை நம்பிச் சொல்லும் வார்த்தை. பார்க்கலாம்.

ஒல்லிக்காக எதையெல்லாம் விட்டார்கள்?

பின்னால் ஒரே ஒரு கேமரா, 48 மெகாபிக்சல். அல்ட்ரா வைட் கிடையாது. கல்யாண மண்டபத்தில் இருபது பேரை நிற்கவைத்து ஒரு குடும்பப் படம் எடுக்க வேண்டுமென்றால், சுவரில் முதுகு முட்டும்வரை பின்னால் போக வேண்டியதுதான். மல்லிகை மொட்டை மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோவும் இல்லை. ரூ.82,900 விலையுள்ள சாதாரண ஐபோன் 17-இல் இரண்டுமே இருக்கின்றன. ஸ்பீக்கரும் மேலே ஒன்றுதான், ஸ்டீரியோ இல்லை. படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் முதல் நாளே தெரிந்துவிடும். முன்பக்க கேமராவில் மட்டும் குறை சொல்ல முடியாது. சதுர சென்சார் என்பதால் போனைச் செங்குத்தாகப் பிடித்தபடியே அகலமான செல்ஃபி எடுக்கலாம். ஆனால் அது நான்கு போன்களுக்கும் பொது.

பேட்டரி விஷயத்தில்தான் ஆப்பிள் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டது. வீடியோ பார்த்தால் 27 மணி நேரம் வரும் என்பது நிறுவனம் தரும் கணக்கு. ஐபோன் 17-க்கு அதே கணக்கு 30 மணி நேரம். ‘நாள் முழுக்க தாங்கும்’ என்று மேடையில் சொல்லிவிட்டு, அதே மேடையில் ஏருக்கென்றே முதுகில் ஒட்டிக்கொள்ளும் மேக்சேஃப் பேட்டரி ஒன்றையும் 99 டாலருக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஒல்லியான போனை அதிக விலை கொடுத்து வாங்கி, அதன் முதுகில் இன்னொரு பேட்டரியை மூட்டையாகக் கட்டுவதா என்ற கேள்விக்கு ரசிகர்களிடம் இன்னும் உருப்படியான பதில் இல்லை.

ஒல்லி என்றாலே சின்ன பேட்டரிதான் என்பதும் எழுதிவைத்த விதி இல்லை. 2025 செப்டம்பர் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த டெக்னோ போவா ஸ்லிம் 5ஜி 5.95 மி.மீ.தான். பேட்டரி 5,160 எம்.ஏ.எச்., விலை ரூ.19,999. கேமராவிலும் சிப்பிலும் அதை ஏருடன் ஒப்பிடவே முடியாது, அது வேறு ஜாதி போன். ஆனால் தடிமனும் பேட்டரியும் பரம எதிரிகள் இல்லை என்பதற்கு அந்த ஒரு உதாரணம் போதும். சீன நிறுவனங்கள் பலவும் சிலிக்கான்-கார்பன் பேட்டரிக்கு மாறிக்கொண்டிருக்க, ஆப்பிளும் சாம்சங்கும் பழைய லித்தியம் அயானிலேயே நிற்கின்றன. 2025 மே மாதம் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்25 எட்ஜ் (5.8 மி.மீ.) 3,900 எம்.ஏ.எச்.சோடு நின்றுவிட்டதும் அதனால்தான்.

சூடு பற்றியும் ஒரு வார்த்தை. ப்ரோ மாடல்கள் இந்த முறை அலுமினிய உடலுக்கு மாறி, வெப்பத்தைப் பரப்பும் வேப்பர் சேம்பரும் பெற்றிருக்கின்றன. ஏரில் அது இல்லை. டைட்டானியமோ அலுமினியம் அளவுக்கு வெப்பத்தைக் கடத்தாது. ஐபோன்களை 35 டிகிரி வரையிலான சூழலில் பயன்படுத்துங்கள் என்பது ஆப்பிளின் பொதுவான அறிவுரை. சென்னையில் மார்ச் முதல் அந்த டிகிரியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டி மேப் பார்ப்பவர்கள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

யாரும் சத்தமாகப் பேசாத விஷயம்

கேமரா, பேட்டரி எல்லாம் ரசனை சார்ந்தவை, பழகிவிடும். பழகிவிடும் என்று ஒதுக்க முடியாத ஒன்று சிம். ஐபோன் ஏரில் சிம் தட்டே கிடையாது. உலகம் முழுக்க இ-சிம் மட்டும்தான். அமெரிக்காவில் 2022-இல் ஐபோன் 14-உடனேயே இது வந்துவிட்டது. இந்தியாவில் ஐபோன் 17, 17 ப்ரோ இரண்டிலும் சாதாரண சிம் போடும் வசதி இருக்கிறது. கேலக்ஸி எட்ஜ்கூட கிட்டத்தட்ட இதே ஒல்லியில் சிம் தட்டை வைத்திருக்கிறது.

அதனால் என்ன என்று கேட்கலாம். போன் கீழே விழுந்து திரை செத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இன்று வரை என்ன செய்கிறோம்? ஒரு ஊக்கை எடுத்துத் தட்டைக் குத்தி, சிம்மை உருவி, வீட்டில் கிடக்கும் பழைய போனில் போடுகிறோம். ஐந்து நிமிடத்தில் ஓ.டி.பி. வருகிறது, சம்பளப் பணம் கைக்கெட்டுகிறது. இ-சிம்மில் அந்த ஐந்து நிமிடம் இல்லை. மாற்றுப் போனிலும் இ-சிம் வசதி இருக்க வேண்டும். நிறுவனத்தின் ஆப்பிலோ கடையிலோ அடையாளத்தை நிரூபிக்க வேண்டும். புதிய போனில் யு.பி.ஐ. ஆப்பைத் திறந்தால், வங்கியில் பதிந்த எண்ணிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். போனால்தான் உள்ளேயே விடும். மோசடியைத் தடுக்க, புது சிம்முக்கு மாறியதும் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். நிறுத்திவைக்கப்படும் நடைமுறை வேறு நம்ம நாட்டில் உண்டு. டீ குடிக்கக்கூட ஸ்கேன் செய்யும் தலைமுறைக்கு ஒரு நாள் எஸ்.எம்.எஸ். இல்லையென்றால் பாதி வாழ்க்கை நின்றுவிடும்.

இதற்கு எதிர்வாதமும் பலமானதுதான். போனைத் திருடியவன் முதலில் செய்வது சிம்மைப் பிடுங்கி எறிவது. இ-சிம்மில் அது நடக்காது, போன் எங்கே இருக்கிறது என்று தேடக் கூடுதல் நேரம் கிடைக்கும். சிங்கப்பூர், துபாய் போகிறவர்கள் விமான நிலையத்தில் வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே அந்த ஊர் டேட்டாவை வாங்கிக்கொள்ளலாம். ஜியோ, ஏர்டெல், வி.ஐ. மூன்றிலும் இ-சிம் இருக்கிறது. பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் இதைத் தொடங்கியதே 2025 ஆகஸ்டில்தான். சீனாவிலோ இ-சிம் அனுமதிச் சிக்கலால் ஏரின் விற்பனையே முதலில் தள்ளிப்போனது. எதிர்காலம் இ-சிம்தான் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்த எதிர்காலத்துக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாயில் முதல் ஆளாகப் பரிசோதனை எலியாக வேண்டுமா என்பது வேறு கேள்வி.

அப்போ ஏர் தோற்ற போனா? அப்படி அடித்துச் சொல்லிவிட முடியாது. அம்சப் பட்டியலை மட்டும் வைத்து எடை போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அல்ட்ரா வைட் கேமராவை மாதத்தில் நாலு தடவை திறந்தால் அதிகம். கையில் போனைப் பிடிப்பதோ நாள் முழுக்க. 230 கிராமுக்கு மேல் எடையுள்ள ப்ரோ மேக்ஸை இரவில் முகத்தில் போட்டுக்கொண்டவர்களுக்கு 165 கிராமின் அருமை தெரியும். கையில் இருப்பதே தெரியாத பெரிய திரை என்பது ஒரு நிஜமான வசதிதான்.

இருந்தாலும் ரசிகர்களின் கைதட்டலை நம்பி ஆப்பிள் ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறது. ‘சின்ன போன் வேணும்’ என்ற குரலுக்காக 2020-இல் 12 மினி வந்தது, 13 மினியோடு அது நின்றது. அதே இடத்துக்கு 14 முதல் 16 வரை ப்ளஸ் வந்தது, அதுவும் போய்விட்டது. இப்போது அந்த நாலாவது நாற்காலியில் ஏர் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஏரை ஒட்டினால் மடிக்கும் ஐபோன் தயார், அதற்கான ஒத்திகைதான் இது என்று ரசிகர்கள் போடும் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒத்திகைக்கான செலவை வாங்குபவர்தான் கொடுக்கிறார்.

முதல் ஐபோனையோ, ஐந்து வருடம் ஓடவேண்டிய ஒரே போனையோ தேடுபவருக்கு ஐபோன் 17 போதும். மிச்சமாகும் 37,000 ரூபாயில் ஒரு நல்ல ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டலாம். கேமராதான் முக்கியம் என்றால் இன்னும் 15,000 சேர்த்து 17 ப்ரோ. கார்டு, தவணை பற்றிய கவலை இல்லை, கையில் இரண்டாவது போன் ஒன்று உண்டு, ஒல்லியான பொருளின் அழகு பிடிக்கும் என்பவர்கள் ஏரை வாங்கலாம், தப்பே இல்லை. 2025 செப்டம்பர் 19-ஆம் தேதியே கடைக்கு வந்துவிட்டது. வாங்குவதற்கு முன் ஒருமுறை கையில் பிடித்துப் பாருங்கள். அப்படியே, வங்கிக் கணக்கில் பதிந்திருப்பது எந்த நிறுவனத்தின் எண், அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கல்லூரிக் காலத்தில் அப்பா பெயரில் வாங்கிய சிம் என்றால், இ-சிம் மாற்ற அவரையும் கடைக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும்.