குழாய் நம் சந்துக்கும் வரட்டும்

2024 ஜூலை 13-ஆம் தேதி, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. அதே நிலையத்தில் வந்திறங்கிப் பிழைப்புத் தேடியவர்கள் நாம். அந்தச் சாவு நமக்கு அந்நியமா?

மழைநீர் போகவேண்டிய கால்வாயில் குப்பையோடு கழிவுநீரும் கலக்கிறது. பாதாளச் சாக்கடை எட்டாத வீட்டுக் கழிவு வேறெங்கே போகும்? மன்னராட்சிக் காலத்திலேயே இந்த நகரில் சாக்கடைக் குழாய் போடத் தொடங்கினார்கள். நாளொன்றுக்கு 10 கோடியே 70 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையம் முட்டத்தறையில் 2013-இல் வந்தது. ஆயினும் பல பகுதிகளுக்கு இன்னும் குழாய் இல்லை.

காரணம் என்ன? கழிவுநீர் சரிவில் தானாக ஓடவேண்டும். பள்ளமான இடமென்றால் பம்பிங் நிலையம் வேண்டும். குறுகிய சந்தென்றால் தோண்டுவது கடினம். செலவை மட்டும் பார்த்து எல்லைக்கோடு போட்டால் அகன்ற ரோடு உள்ளே வரும். நாம் குடியிருக்கும் சந்து வெளியே நிற்கும். குழாய் வந்தாலும் இணைப்புக்கு மனுப் போடவேண்டியவர் வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர் யாரிடம் சொல்வது?

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

எந்தச் சந்துக்கு எந்த ஆண்டு குழாய் வரும் என்ற வரைபடத்தை வார்டு தோறும் ஒட்டுங்கள்.

நெருக்கமான சந்துகளுக்கு முதலிடம் கொடுங்கள். வாடகைக் குடும்பங்களையும் கணக்கில் சேருங்கள்.

பாதுகாப்பின்றி மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதை ஏட்டோடு நிறுத்தாதீர்கள், இயந்திரத்தை இறக்குங்கள்.

தோழர்களே, தாய்மார்களே! குழாயடியில் நாம் பேசிக்கொள்வதை வார்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசுவோம். வாய் திறவாதவன் சந்து வரைபடத்தில் ஏறாது.