சரீரமாகிய ஆலயம்: எழுந்திருந்து போஜனம் பண்ணு



சில மாதங்களுக்கு முன், நம் பெங்களூரு நகரத்துச் சபை ஒன்றில், உபவாச ஜெபத்தின் நடுவே ஒரு சகோதரி மயங்கி விழுந்தார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்பவர். சிலர் அதை அபிஷேகம் என்றனர். சிலர் பிசாசின் போராட்டம் என்று கடிந்து ஜெபித்தனர். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 கிராம் என்று வந்தது. பெண்களுக்கு அது 12 கிராமுக்குக் குறையலாகாது. காலையில் தேநீரும் பன்னும், மதியம் வெள்ளைச் சோறும் ரசமும், இரவில் பிள்ளைகள் உண்டது போக மீந்ததுமே அவருடைய ஆகாரம்.

சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள் (1 இராஜாக்கள் 19). தேவன் முதலாவது அவரைக் கண்டிக்கவில்லை. தூதனை அனுப்பி, இருமுறை அடையும் தண்ணீரும் கொடுத்து, உறங்கவும் விட்டார். அதன் பின்பே அவரோடு பேசினார்.

ஆகாரத்தில் சரீரத்திற்கு வேண்டியவை பல. அரிசி, கோதுமையிலுள்ள மாவுச்சத்து குளுக்கோசாக மாறி உடனடிப் பெலன் தருகிறது. பருப்பு, முட்டை, மீனிலுள்ள புரதம் தசையையும் இரத்தத்தையும் கட்டுகிறது. கொழுப்பு பெலனைச் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மற்ற இரண்டிலும் 4 கலோரி. வைட்டமின்களும் தாதுக்களும் சிறிதளவே தேவை. ஆயினும் அவையின்றி மற்றவை பயன்படா. இரும்புச்சத்து குறைந்தால் இரத்தம் பிராணவாயுவைப் போதிய அளவு சுமக்க இயலாது. மூச்சு வாங்குவதும், தலை சுற்றுவதும், எப்போதும் களைப்பாயிருப்பதும் இதனாலேயே.

நம் தமிழ்நாட்டின் குன்னூரில், 1918ஆம் ஆண்டு, டாக்டர் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. பெரிபெரிக்குக் காரணம் வைட்டமின் பி1 குறைவு. அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது இச்சத்து தவிட்டோடு போய்விடுகிறது. நெல்லை அவித்துக் குத்தும்போதோ, அது அரிசிக்குள் இறங்கித் தங்குகிறது. நம் பாட்டிமார் புழுங்கலரிசியை விடாதிருந்தது நன்மைக்கே.

கர்நாடக மண் நமக்குக் கொடுக்கும் ஈவு கேழ்வரகு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. இரும்புச்சத்தும் அரிசியைவிடப் பன்மடங்கு. முளைகட்டி அரைத்தால் சரீரம் இன்னும் நன்றாய் ஏற்றுக்கொள்ளும். ஊரில் களி உண்டு வளர்ந்த நாம், இங்கு வந்தபின் அதே களியை "முத்தே" என்று அழைக்கிறார்கள் என்பதற்காக ஒதுக்குவானேன்?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்தசோகை. ஆகவே:

1. வாரம் மூன்று நாளாவது கீரையும், கொள்ளு அல்லது அவரைப் பருப்பும் சேருங்கள். அதன்மேல் எலுமிச்சை பிழியுங்கள்; இரும்புச்சத்து சரீரத்தில் சேர அது உதவும்.

2. சாப்பிட்டவுடன் தேநீர் வேண்டாம். அது இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுத்திருங்கள்.

3. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், சர்க்கரை நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் உபவாசிக்க வேண்டாம். உள்ளத்தை அறிகிற தேவன் இதையும் அறிவார்.

4. களைப்பு நீங்காவிடில் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். மாத்திரை உண்பது அவிசுவாசமல்ல.

அந்தச் சகோதரி இப்போது மருந்தும் எடுக்கிறார்; பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்களுக்குச் சமமாய்ச் சாப்பிடுகிறார். யவீருவின் மகளை உயிரோடெழுப்பிய ஆண்டவர், அடுத்தபடியாக அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி சொன்னார் (மாற்கு 5). அற்புதம் அவருடையது; ஆகாரம் கொடுக்கும் பொறுப்பை வீட்டாரிடத்தில் விட்டார். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.