குழந்தை உலகம்: மூலையில் ஒரு பாடம்

"மூலையில் போய் நில்!" என்றால் முன்பெல்லாம் அது தண்டனை. சில பள்ளிக்கூடங்களில் இன்று ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் மூலைக்குப் போக முண்டியடிக்கிறார்கள். ஒரு மூலையில் கதைப் புத்தகங்கள். இன்னொன்றில் எழுத்து அட்டைகள். வேறொன்றில் களிமண், வண்ணப் பென்சில். வகுப்பு நாலைந்து கோஷ்டியாகப் பிரிந்து, கால் மணிக்கொரு தரம் இடம் மாறுகிறது.

இதைப் பார்த்துவிட்டு, "நோட்டில் ஒரு வரி எழுதக் காணோம், நாள் பூரா விளையாட்டுத்தானா?" என்று தாய்மார்கள் அங்கலாய்க்கிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள், சகோதரிகளே! நாற்பது குழந்தைகள் "அ, ஆ, இ" என்று சேர்ந்து கத்தும்போது, எழுத்தே தெரியாத குழந்தையும் வாயசைத்துத் தப்பித்துக்கொள்ளும். ஐந்தாம் வகுப்பில்தான் குட்டு வெளிப்படும். ஆறு பேர் மட்டும் ஆசிரியையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் படித்துக் காட்டினால் அன்றைக்கே தெரிந்துவிடும். மற்றக் குழந்தைகளுக்கு மூலைகளில் வேலை கொடுப்பதே இந்த ஆறு பேருக்காகத்தான்.

இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1907-ல் ரோமாபுரியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துக்களைக் குழந்தைகள் விரலால் தடவிக் கற்றார்கள். 1939-ல் அவர் சென்னைக்கே வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அட்டைகளும், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையும் வந்தன. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்ததில் படிப்பு பின்தங்கியபோது, 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், குழந்தைகளை அவரவர் எட்டிய நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தது.

ஆனால் மூலைகளை ஜோடித்துவிட்டால் மட்டும் போதாது. ஆசிரியை ரிஜிஸ்டரில் மூழ்கியிருந்தால் அவை வெறும் அலங்காரமே. ஆகவே பள்ளிக்குப் போகும்போது, "என்ன மார்க்?" என்று கேட்பதை விட, "வாரத்தில் எத்தனை தடவை என் குழந்தை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுகிறது?" என்று கேளுங்கள்.

வீட்டிலும் ஒரு மூலை வைக்கலாம். செலவே இல்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சதுரமாக வெட்டி, துண்டுக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். ப, ட, ம் மூன்றும் சேர்ந்தால் 'படம்'. முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் மடம், வடம், தடம்! நீங்கள் காய் நறுக்கும் பத்து நிமிஷத்தில் குழந்தை ஐந்தாறு வார்த்தைகளைக் கண்டுபிடித்துவிடும். கடைக்கு எழுதும் ஜாபிதாவில் 'உப்பு', 'பருப்பு' இரண்டையும் அதன் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். புள்ளி விட்டுப்போனால் அதட்ட வேண்டாம். முதலில் மெச்சுங்கள், பிறகு திருத்துங்கள்.

ஒன்று மட்டும் கூடாது: அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவது. அரும்பு மலரத் தண்ணீர் ஊற்றலாம். இதழைப் பிடித்து இழுக்கலாமோ?