கீபோர்டைத் தூக்கிப் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்



பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். உங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும், வரட்டும்.

கொஞ்ச நாளாக எங்கே போனாலும் ஒரே புலம்பல். "டீச்சர், கம்ப்யூட்டரை ஆன் பண்ணா கீபோர்டு வேலை செய்ய மாட்டேங்குது. ஒரு எழுத்து வர ஒரு யுகம் ஆகுது. கடையில கேட்டா மாத்தணும்னு சொல்லிட்டாங்க." மாற்றவும் மாற்றிவிடுகிறார்கள். ஏன் வேலை செய்யவில்லை என்று யாராவது கேட்டார்களா என்றால் இல்லை. எனக்குக் கோபம் அந்தக் கேட்காததன் மேல்தான்.

நாம் இருப்பது எந்த ஊர்? மறைமலை நகர். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று தமிழாக்கிக்கொண்ட அடிகளாரின் பெயர் தாங்கிய ஊர். அதனால் கீபோர்டு என்று எழுதினால் "விசைப்பலகை என்று எழுதுங்கள் டீச்சர்" என்று திருத்த நாலு பேர் ஓடி வருகிறீர்கள். மகிழ்ச்சி. அந்த விசைப்பலகை ஏன் மக்கர் பண்ணுகிறது என்று பார்க்க ஒருவரும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். என்னிடம் படித்த எத்தனையோ பேர் இங்கே ஃபோர்டில் வேலை பார்த்தீர்கள். 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்ற பிறகு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று பிரிந்து போனீர்கள். தொழிற்சாலையில் லைன் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள்? உடனே இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவீர்களா? "ஏன் நின்றது" என்று கேட்பீர்கள். அந்தப் பதிலுக்கும் ஒரு "ஏன்" கேட்பீர்கள். ஐந்து முறை ஏன் கேள் என்பது டொயோட்டாக்காரர்கள் உலகத்துக்கே சொல்லிக் கொடுத்த பாடம். ஷிஃப்டில் எட்டு மணி நேரம் அதைக் கடைப்பிடிக்கிறவர், வீட்டுக்கு வந்ததும் அந்த மூளையை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிடுவது ஏன்? இதோ பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டரே செய்கிறார்கள். நமக்கோ ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால் கை கால் ஓடுவதில்லை.

சரி, பாடத்துக்கு வருவோம். "வேலை செய்யவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. காய்ச்சல் என்றதும் எல்லாருக்கும் ஒரே மாத்திரையா கொடுப்போம்?

முதலாவது: ஆன் செய்த முதல் சில நிமிடங்கள் தட்டுவது எதுவும் வராது. பிறகு தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து கொட்டும். இது கீபோர்டின் குற்றமே இல்லை. கம்ப்யூட்டர் வேறு வேலையில் மூழ்கியிருக்கிறது. ஆன் ஆகும்போதே தானாகத் தொடங்கும்படி எத்தனை மென்பொருள்களை நாம் ஏற்றி வைத்திருக்கிறோம்! இரண்டு ஆன்டிவைரஸ், மூன்று தமிழ் டைப்பிங் மென்பொருள், பிரிண்டருக்கு ஒன்று, பேரன் போட்ட விளையாட்டு ஒன்று. காலை மணி அடித்ததும் பள்ளிக்கூடம் மொத்தமும் ஒரே வாசலில் நுழைந்தால் எப்படி இருக்கும்? பழைய மடிக்கணினிகளில் இருக்கும் சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு அந்த நெரிசல் தாங்காது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்டப் என்ற பகுதிக்குப் போய், தேவையில்லாததை டிஸேபிள் செய்யுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், தானாகத் தொடங்குவதை நிறுத்தினால் போதும்.

இரண்டாவது: ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து வரும், சட்டென்று தட்டினால் வராது. கடைக்காரர்கள் அதிகம் சம்பாதிப்பது இந்த நோயில்தான். விண்டோஸில் ஃபில்டர் கீஸ் என்று ஒரு வசதி உண்டு. கை நடுக்கம் உள்ளவர்கள் தெரியாமல் தொடும் பட்டன்கள் பதிவாகாமல் இருக்க, லேசாகத் தட்டுவதை அது கண்டுகொள்ளாது. நல்ல எண்ணத்தில் செய்த நல்ல வசதி. ஆனால் வலது பக்க ஷிஃப்ட் பட்டனை எட்டு விநாடி விடாமல் அழுத்தினால் அதை ஆன் செய்யலாமா என்று கேட்டு ஒரு பெட்டி வரும். நாம் படிக்காமல் 'எஸ்' கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை ஆன் செய்யும்போதும் அது அப்படியே இருக்கலாம். ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று இன்னொன்று வரும்.

செட்டிங்ஸுக்குப் போய் ஆக்சஸிபிலிட்டி, அதில் கீபோர்டு. விண்டோஸ் 10-இல் ஈஸ் ஆஃப் ஆக்சஸ் என்று இருக்கும். அங்கே ஃபில்டர் கீஸை ஆஃப் செய்யுங்கள். ஷிஃப்டைப் பிடித்தால் ஆன் ஆகும் குறுக்குவழியையும் அங்கேயே அணைத்துவிடலாம். கடவுச்சொல் போடும் திரையிலேயே மாட்டிக்கொண்டால், அங்கே வலது கீழ் மூலையில் இதே வசதிகளுக்கு ஒரு சின்னப் படம் இருக்கும். திரையில் தெரியும் கீபோர்டும் அதில் உண்டு. மவுஸால் தட்டி உள்ளே போகலாம்.

தமிழ்த் தட்டச்சில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. 1999-இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில் 'கி' என்று எழுத க ஒரு தட்டு, இ ஒரு தட்டு. இரண்டில் ஒன்று விழாவிட்டால் சொல்லே சிதைந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு "தமிழ் ஃபான்ட் சரியில்லை" என்று தமிழின் தலையில் பழியைப் போடுகிறவர்களும் உண்டு.

மூன்றாவது: எதுவுமே வராது. கேப்ஸ் லாக் தட்டிப் பாருங்கள். அதற்கு விளக்கு இருந்து, அது எரிந்து அணைந்தால் கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். எரியாவிட்டால் ஒயரைப் பிடுங்கி வேறு யுஎஸ்பி துளையில் செருகுங்கள். ஒயர் இல்லாத கீபோர்டு என்றால் பேட்டரியை மாற்றுங்கள். அடுத்து, ஷட்டவுன் கொடுக்காமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். ஒன்றில்லை. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு முறை வந்தது. அது ஆனில் இருந்தால், ஷட்டவுன் கொடுக்கும்போது உள்ளே இருக்கும் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்துப் போடும். நேற்றைய கரும்பலகையை அழிக்காமல் இன்றைய பாடத்தைத் தொடங்குவது போல. நேற்றைய கோளாறும் கூடவே எழுந்து வரும். ரீஸ்டார்ட்தான் பலகையைத் துடைக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. ஆன் செய்தவுடன் பயாஸ் திரைக்குள் போங்கள். எஃப்2, டெலீட் என்று கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் மாறும். அங்கே அம்புக்குறிப் பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் பக்கம்தான். உள்ளே எதையும் மாற்றாமல் வெளியே வந்துவிடுங்கள். அங்கேயும் சில பட்டன்கள் செத்துக் கிடந்தால், அல்லது டீ கொட்டியிருந்தால், அது உண்மையான பழுது. தாராளமாகக் கடைக்குப் போங்கள். கூலியில் பேரமும் பேசாதீர்கள். கற்ற தொழிலுக்கு அவர்கள் கேட்பது நியாயம். பார்க்காமலே "போச்சும்மா" என்று சொல்வதற்குக் கேட்பதுதான் அநியாயம்.

இதில் என்ன பெரிய விஷயம், ஆயிரம் ரெண்டாயிரம்தானே என்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு பெண். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவள் அண்ணனுக்குக் கிடைத்த மடிக்கணினியை வைத்துத்தான் படிக்கிறாள். அம்மா கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறார். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இந்தக் கோளாறு. ஒரு கடையில் 1,800 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். விண்ணப்பிப்பதையே விட்டுவிடலாம் என்று இருந்தாள். இருந்தது ஃபில்டர் கீஸ். அணைக்க ஒரு நிமிடம் ஆகவில்லை. அந்த 1,800 ரூபாய் அந்த வீட்டில் எத்தனை நாள் சாப்பாடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். "அம்மா, தூக்கிப் போடு, அமேசான்ல புதுசு அனுப்பறேன்" என்கிறீர்கள். அன்புதான், மறுக்கவில்லை. தூக்கிப் போடுவது எங்கே போகிறது? பழைய இரும்புக்காரர் வண்டியில். மின்கழிவுக்கென்று 2022-இல் தனி விதிகளே வந்துவிட்டன. நம் வீட்டு வாசலில் அதை யார் பார்க்கிறார்கள்? அதோடு, "உங்களுக்கு இதெல்லாம் வராது" என்று அப்பா அம்மாவிடம் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். நடுங்கும் விரலோடு ஷிஃப்டைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டார் உங்கள் அப்பா, அவ்வளவுதான். வீடியோ காலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அவர் தெருவுக்கே சொல்லிக் கொடுப்பார். உங்களுக்கு 'அ' எழுத எத்தனை நாள் ஆயிற்று என்று நான் வெளியே சொல்லவில்லையே!

ஆசிரியத் தம்பி தங்கைகளே, உங்களையும் விடமாட்டேன். மானிட்டர், மவுஸ், கீபோர்டு என்று படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். பத்து மதிப்பெண் போடுகிறோம். அது நின்றுவிட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று ஒரு வகுப்பாவது எடுக்கிறோமா? பாகம் குறித்த பிள்ளைதான் நாளைக்குக் கடையில் "மாத்தணும்" என்றதும் தலையாட்டுகிறது. அடுத்த வாரம் ஒரே ஒரு பீரியட் ஒதுக்குங்கள். ஃபில்டர் கீஸை நீங்களே ஆன் செய்துவிட்டு, "ஏன் எழுத்து வரவில்லை, கண்டுபிடி" என்று சொல்லுங்கள். அந்த வகுப்பைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

எல்லாருக்கும் வீட்டுப்பாடம் இதுதான். இந்த ஞாயிறு பக்கத்து வீட்டில் பழுது என்று மூலையில் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரைப் போய்ப் பாருங்கள். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மறைமலை நகர்